ஆலாவுக்கு வீடு கொடுத்த சபை

வடகரை நிராதரவு ஜீவ சம்ரட்சண சபை முதலில் கழுதைகளுக்காகத்தான் ஏற்பட்டது. வண்ணாரப்பேட்டைக் கழுதைகள் வெயிலில் வெறுங்காலோடு நடப்பதைப் பார்த்து ராவ்பகதூர் வேதாசலம் ஒருநாள் கண்கலங்கினார். அதன் பலனாக ஜார்ஜ் டவுனில் ஒரு மாடி அறை, அதில் ஒரு மின்விசிறி, ஒரு காரியதரிசி, ஒரு சேவகன், சேவகன் மார்பில் ஒரு பித்தளை வில்லை எல்லாம் உண்டாயின. கழுதைகளுக்குக் காலுறை தைத்தார்கள். மாட்டிவிடப் போன உபதலைவரைக் கழுதை உதைத்தது. சபை அவசரமாகக் கூடி, கழுதை நன்றியறியாத பிராணி என்று ஏகமனதாகத் தீர்மானித்து அதைக் கைவிட்டது. அதற்கப்புறம் கழுதைகள் சௌக்கியமாக இருந்தன. சபைக்குத்தான் சங்கடம். காப்பாற்ற ஒரு ஜீவனும் இல்லாமல் மாடி அறையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அந்தச் சங்கடத்தோடுதான் 1934ஆம் வருஷம் பங்குனி மாதம் ராவ்பகதூர் எண்ணூரில் சிநேகிதர் பங்களாவுக்குக் காற்று வாங்கப் போனார். அங்கே மாடியிலிருந்து தூரக்கண்ணாடி வழியாகக் கடலோரத்து உப்பங்கழியைப் பார்த்தார். கழி நடுவில் ஒரு மணல் திட்டு. திட்டு முழுக்க வெள்ளை வெள்ளையாக ஆலாப் பறவைகள். மரம் இல்லை, கூடு இல்லை, ஒரு துரும்பு மறைவு இல்லை. எல்லாம் வெறுந்தரையில் படுத்திருந்தன. ராவ்பகதூர் கண்ணாடியை இறக்கிவிட்டு மறுபடியும் கண்கலங்கினார். அவர் கண்கலங்கினால் யாருக்கோ ஆபத்து என்று வண்ணாரப்பேட்டைக் கழுதைகளுக்குத் தெரியும். எண்ணூர் ஆலாக்களுக்கு அது தெரிய நியாயமில்லை.

ஓடைக்குப்பத்துக் கன்னியம்மாவுக்கும் தெரியாது. அவள் அந்தச் சமயம் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, கையால் சேற்றைத் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு கண் தண்ணீரில், ஒரு கண் திட்டின் மேல்.

திட்டின் மேல் கண் ஏன் என்று சொல்லிவிடுகிறேன். கழியில் எல்லோரும் ஒரே நாளில் ஒரே இடத்தில் வலை போட்டால் அடிதடிதான் மிஞ்சும். அதனால் ஓடைக்குப்பத்தில் பாடு என்று ஒரு முறை உண்டு. வருஷத்துக்கு ஒருதரம் அம்மன் கோயில் வாசலில் சீட்டுப் போட்டு, எந்த வீட்டுக்கு எந்த நாள், எந்த இடம் என்று பிரித்துக்கொள்வார்கள். அதில் ஒரு சீட்டு ஆலாவுக்கு. கடலில் மீன் கூட்டம் எங்கே போகிறது என்று மேலே பறந்து காட்டிக்கொடுப்பது ஆலாதான்; கூட உழைக்கிறவனுக்குப் பங்கு இல்லையென்றால் எப்படி? ஆலாவின் சீட்டு எந்த வீட்டுக்கு விழுகிறதோ, அந்த வீடு பங்குனியிலிருந்து ஆனிவரை திட்டுக்குக் காவல். திட்டைச் சுற்றி வலை விழக்கூடாது, திட்டின் மேல் கால் படக்கூடாது. குஞ்சு பறந்துவிட்டால், மழைக்குப் பிறகு இறால் ஏறும்போது கழிமுகத்தில் முதல் பாடு அந்த வீட்டுக்கு. திட்டு பாழாய்ப் போனால் அந்த வீட்டுக்கு அந்த வருஷம் பாடே கிடையாது.

இந்த வருஷம் சீட்டு கன்னியம்மா வீட்டுக்கு விழுந்தது. அவள் புருஷன் போன வருஷம் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள். ஆம்பிளை இல்லாத வீட்டுக்கு ஆலாப்பாடா என்று சிலர் முணுமுணுத்தார்கள். குப்பத்துப் பெரியதனக்காரர் அவர்களை அடக்கினார், ஆனால் கன்னியம்மாவிடமும் ஒரு வார்த்தை சொன்னார்.

"இத பாரு கன்னியம்மா. திட்டு கெட்டுப்போச்சுன்னா ஒரு வருசத்தோட வுடமாட்டானுங்க. ஒன் வூட்டுப் பேரையே சீட்டுலேர்ந்து எடுக்கச் சொல்லுவானுங்க. அப்பால என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"கெடாது மாமா," என்றாள் கன்னியம்மா. காக்காயையும் நாயையும் நினைத்துக்கொண்டுதான் அப்படிச் சொன்னாள். சபை ஒன்று இருப்பது அவளுக்குத் தெரியாது.

பங்குனி முடியும் தறுவாயில் சபையின் காரியதரிசி கிருஷ்ணப்பன் படகில் வந்து இறங்கினார். கூடவே பித்தளை வில்லையோடு சேவகன் லட்சுமணன். காரியதரிசி நேரே திட்டின் மேல் ஏறப்போனார். கன்னியம்மா தண்ணீரில் விழுந்தடித்துக்கொண்டு ஓடிவந்து குறுக்கே நின்றாள்.

"எஜமான், அங்க கால் வெக்காதீங்க. முட்டை கீது."

"எங்கே முட்டை? எனக்கு மணலும் கிளிஞ்சலும்தானே தெரிகிறது?"

"தெரியக்கூடாதுன்னுதான் அதுங்க மண்ணு மாதிரியே வெச்சுகீதுங்க."

காரியதரிசி உருகிப்போனார். "பாவம், வெட்கப்படுகின்றன. இல்லாமையை வெளியே காட்டிக்கொள்ள யாருக்குத்தான் மனசு வரும்? கவலைப்படாதே அம்மா. இந்தப் பட்சிகளுக்கெல்லாம் எங்கள் சபை வீடு கொடுக்கப் போகிறது."

"வூடா?"

"பிரம்பு வீடு. வண்ணாரப்பேட்டைக் கூடைக்காரர்கள் முடைந்துகொண்டிருக்கிறார்கள். சித்திரை மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை, இந்தத் திட்டிலேயே மகாசபை கூடி, ராவ்பகதூர் தம் திருக்கரத்தால் வழங்குவார்."

கன்னியம்மா திட்டைத் திரும்பிப் பார்த்தாள். சித்திரை வெயிலில் ஆலா முட்டையை விட்டு எழுந்தால் முட்டை சுட்ட மணலில் வெந்துபோகும். அதனால்தான் தாய்ப்பறவை கழியில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டைக்கு மேல் நிழலாக நிற்கிறது. ஆண் பறந்தால் பெண் நிற்கும், பெண் பறந்தால் ஆண் நிற்கும். மனிதர் வந்தால் இரண்டும் எழுந்துவிடும்.

"ஆடி மாசம் வாங்க சாமி," என்று கெஞ்சினாள். "அப்போ குஞ்சுங்கோ பறந்து பூடும். திட்டு சும்மாத்தான் கெடக்கும். நீங்க இன்னா வோணும்னாலும் பண்ணிக்கலாம்."

காரியதரிசி சிரித்தார். "கிருகப்பிரவேசத்தன்று வீட்டுக்காரர்கள் இல்லாமல் இருப்பார்களா?"

சபையைத் தடுப்பவர்கள் போலீஸில் ஒப்படைக்கப்படுவார்கள் என்பதையும் அவர் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். கன்னியம்மா பெரியதனக்காரரிடம் ஓடினாள். அவர் வெகுநேரம் தாடையைத் தேய்த்தார். "பில்லை போட்டவன் வந்துகீறான். எதுத்துக்கினா வலையோட நம்மளையும் சேத்துத் தூக்கிகினு போயிடுவானுங்க," என்றார். ஆனால் திட்டு கெட்டால் என்ன ஆகும் என்ற பேச்சை அவர் திரும்பப் பெறவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. காலை வெயில் சுரீர் என்று ஏறத் தொடங்கிய வேளையில் எண்ணூர் ரயிலடியிலிருந்து ஊர்வலமாக வந்து படகேறினார்கள். முதல் படகில் ராவ்பகதூரும் உபதலைவரும் அங்கத்தினர்களும். அடுத்ததில் நாற்காலிகள், பந்தல் கால், சிவப்புக் கம்பளம், காமிராப் பெட்டியோடு ஒரு போட்டோக்காரர். அதற்கடுத்து படகு படகாகக் கூடைகள். கடைசிப் படகில் ராயபுரத்து வெள்ளத்துரை மாஸ்டரின் பேண்டு கோஷ்டி. சித்திரை மாதத்தில் கம்பளிக் கோட்டும் கழுத்துவரை பொத்தானும் போட்டு அவர்களை உட்கார வைத்திருந்தார்கள். சபைக்குக் கருணை ஜீவராசிகளின் மேல்தான். பேண்டு வாசிப்பவர்கள் அந்தப் பட்டியலில் இன்னும் சேரவில்லை.

படகு திட்டில் முட்டியதும் ஆலாக்கள் ஒரே வீச்சில் எழும்பின. வானம் வெள்ளையாகிப் போனது. 'கிரீக் கிரீக்' என்று அவை போட்ட கூச்சலில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை.

"வாழ்த்துகின்றன!" என்று கத்தினார் காரியதரிசி.

ஒரு ஆலா இறங்கிவந்து ராவ்பகதூரின் தலைப்பாகைக்கு அரைச்சாண் மேலே திரும்பி, போகிற போக்கில் எச்சமிட்டது.

"ஆசீர்வாதம்!" என்றார் காரியதரிசி.

லட்சுமணன் கம்பளச் சுருளைத் தோளில் தூக்கிக்கொண்டு திட்டின் நடுவை நோக்கி நடந்தான். முட்டைகள் நெருக்கமாகக் கிடப்பது அங்கேதான். கன்னியம்மா விடவில்லை. பாய்ந்துபோய்ச் சுருளைப் பிடித்துக்கொண்டாள்.

"நா விரிக்கிறேன் நைனா. நீ பாவம், எவ்ளோ தூரம் தூக்கியாந்துகீறே."

லட்சுமணன் மறுக்கவில்லை. வேலை செய்ய ஆள் வந்தால் மறுப்பது அவன் உத்தியோகத்துக்கே அழகல்ல. கன்னியம்மா கம்பளத்தைத் திட்டின் ஓரமாக, சேறு காய்ந்து வெடித்த இடத்தில் நீளமாக உருட்டிவிட்டாள். அங்கே முட்டை அதிகம் இல்லை. நாற்காலிகள் கம்பளத்தின் மேல் ஏறின, பந்தலும் அங்கேயே எழுந்தது. ராவ்பகதூர் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் அவள் முன்னால் குனிந்து ஓடி, கையால் மணலைத் தடவி, "இப்டி வாங்க, இப்டி வாங்க" என்று வழிகாட்டினாள். கால் பட இருந்த நாலைந்து முட்டைகளைக் கையால் ஒதுக்கியும் வைத்தாள். தமக்குப் புழுதி படாமல் அவள் பாதை கூட்டுவதாக நினைத்து ராவ்பகதூர் பூரித்துப்போனார்.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். மனிதர்களுக்குப் பந்தல் இருந்தது. திட்டின் நடுவில் கிடந்த முட்டைகளுக்கு இருந்த ஒரே பந்தல் வானத்தில் கத்திக்கொண்டிருந்தது.

ராவ்பகதூர் எழுந்தார்.

"மகாஜனங்களே, பட்சிகளே! எனக்குப் புளியந்தோப்பில் வரிசை வரிசையாக வீடுகள் உண்டு. குடியிருப்பவர்கள் கூரை ஒழுகுகிறது, சுவர் விழுகிறது என்று என் வாசலில் வந்து கத்தாத நாள் கிடையாது. அவர்களை இங்கே அழைத்துவந்து காட்ட வேண்டும் என்று நினைக்கிறேன். கூரையே இல்லாத இந்த ஜீவன்கள் எவ்வளவு ஆனந்தமாகப் பாடுகின்றன, கேளுங்கள்!"

எல்லோரும் மேலே பார்த்துக் கேட்டார்கள். கன்னியம்மா பார்க்கவில்லை. அவள் கண் நடுத்திட்டில் இருந்தது. மணலின் மேல் அனல் அலையாக எழும்ப ஆரம்பித்துவிட்டது.

அடுத்து உபதலைவர். கழுதை உதைத்த காலை நீட்டி வைத்துக்கொண்டு, கைத்தடியை ஊன்றிப் பேசினார்.

"கழுதை விஷயத்தில் நாம் கற்ற பாடம் ஒன்றுண்டு. சலுகை கொடுக்குமுன் ஒழுங்கைக் கற்பிக்க வேண்டும். கடல் பார்த்த கூடைகள் உயர்குலப் பட்சிகளுக்கு. காற்று வராத பக்கத்துக் கூடைகள் மற்றவற்றுக்கு. இப்போது இருப்பதுபோல எல்லாம் ஒரே தரையில் கலந்து முட்டையிட்டால், பிறக்கும் குஞ்சுக்குத் தன் தராதரம் எப்படித் தெரியும்?"

பலத்த கரகோஷம் எழுந்தது. எது உயர்குலப் பட்சி என்று எப்படிக் கண்டுபிடிப்பது என ஒரு அங்கத்தினர் சந்தேகம் கேட்டார். உயரமாகப் பறப்பது உயர்குலம் என்றார் உபதலைவர். அப்படியானால் பருந்துக்குத்தான் முதல் கூடையா என்று இன்னொருவர் கேட்க, அதை ஆராய ஒரு உபகமிட்டி போடுவதா, இரண்டு போடுவதா என்று விவாதம் நீண்டது.

இதற்குள் காக்காய்கள் வந்துவிட்டன. கூச்சல் கேட்டால் அவற்றுக்குத் தெரியும், காவல் கலைந்துவிட்டது என்று. முதலில் ஒன்று, பிறகு ஒரு கும்பல். திட்டின் கோடியில் இறங்கி, நகர்ந்து நகர்ந்து உள்ளே வந்தன. கன்னியம்மா ஓடிப்போய்ச் சேற்றை அள்ளி வீசினாள். ஒருபக்கம் விரட்டினால் இன்னொரு பக்கம் இறங்கின. ஒரு காக்காய் அவள் கண்ணெதிரே முட்டையைக் கொத்தித் தூக்கிக்கொண்டு போனது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கீழே குனிந்து ஒரு முட்டையைத் தொட்டுப் பார்த்தாள். கொதித்தது. இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே போனால் ஒன்றும் மிஞ்சாது. அவள் வீட்டுப் பேரும் மிஞ்சாது.

பந்தலுக்கு ஓடிவந்து நின்று உரக்கக் கத்தினாள். "சாமீ! முட்டையெல்லாம் வேவுது சாமீ! எழுந்து போங்க சாமீ!"

"என்ன சொல்கிறாள்?" என்று கேட்டார் ராவ்பகதூர்.

"பட்சிகள் சார்பில் நன்றி தெரிவிக்கிறாள்," என்றார் காரியதரிசி.

மறுபடியும் கரகோஷம். ராவ்பகதூர் தம் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டார். கன்னியம்மா மாலையோடு நின்று திருதிருவென்று விழித்தாள். பிறகு பந்தலின் பின்பக்கம் நிழலில் குந்தியிருந்த லட்சுமணனிடம் போனாள்.

"நைனா, இவங்க எப்போ போவாங்க?"

"இன்னும் ஆறு பேர் பேசணும். அப்பால கூடை குடுக்கிறது. ஆளுக்கு ஒரு கூடையாத் தூக்கிகினு நடுத்திட்டுல போயி அவங்களே வெப்பாங்க."

"நடுத்திட்டுலயா?"

"வூடு குடுக்கிறதுன்னா சும்மாவா? அப்பால போட்டோ. அப்பால ராஜ வாழ்த்து. அத்த வாசிச்சாத்தான் எழுந்திருப்பாங்க."

"அத்த மின்னாலயே வாசிச்சுட்டா?"

லட்சுமணன் சுற்றுமுற்றும் பார்த்தான். "ஐயையோ. ராஜ வாழ்த்து வாசிச்சுட்டா மீட்டிங் முடிஞ்சுபோச்சு. அதுக்கு மேல ஒருத்தரும் ஒக்காரக்கூடாது, வாயத் தொறக்கக்கூடாது. தொறந்தா ராசாவுக்கு மேல இவரு பெரியவரான்னு ஆயிடும். இதுல ரெண்டு பேரு சி.ஐ.டி.க்குச் சேதி சொல்றவங்க. யாரு அந்த ரெண்டு பேருன்னு தெரியாம அல்லாரும் அல்லாருக்கும் பயந்துகினு கீறாங்க."

கன்னியம்மா அங்கே நிற்கவில்லை. நேரே பேண்டு கோஷ்டி நின்ற இடத்துக்குப் போனாள். அவர்களுக்குப் பந்தல் நிழல் எட்டவில்லை. வெள்ளத்துரை மாஸ்டர் முகம் வெந்து சிவந்திருந்தது. ஊதுகுழலின் பித்தளையைத் தொட முடியாமல் கைக்குட்டை சுற்றிப் பிடித்திருந்தார்.

"மாஸ்டரே, அந்தக் கடைசிப் பாட்டை இப்பவே வாசிச்சுடுங்க."

"இன்னாம்மா சொல்றே? காரியதரிசி கைய அசைச்சாத்தான் நா வாசிக்கணும்."

"முட்டை சாவுது மாஸ்டரே."

"புரியுதும்மா. ஆனா அந்தப் பாட்டை நேரங்கெட்ட நேரத்துல வாசிச்சேன்னு வெச்சுக்கோ, அப்பால எவன் என்னைக் கூப்புடுவான்? ஒரு கண்ணாலம், ஒரு சாவு, கோயில் தேரு, எல்லாத்துக்கும் பெரிய மனுசன் தயவு வோணும். இந்த ஒம்போது பேரும் என்னை நம்பிகினு கீறாங்க." அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கெட்ட மனுஷன் இல்லை. பயந்த மனுஷன்.

பந்தலில் ராவ்பகதூரின் குரல் எழுந்தது. "மற்றவர்கள் பேச்சைப் பிற்பாடு வைத்துக்கொள்ளலாம். வெயில் அதிகமாகிறது. முதலில் கூடை வழங்கலை முடித்துவிடுவோம். அன்பர்களே, ஆளுக்கு ஒரு கூடை!"

நாற்காலிகள் கிறீச்சிட்டன. அங்கத்தினர்கள் கூடைகளைக் கையில் எடுத்தார்கள். கன்னியம்மா சட்டென்று குனிந்தாள். காலடியில், தான் ஒதுக்கி வைத்த முட்டைகளில் ஒன்றை எடுத்து, மாஸ்டரின் உள்ளங்கையில் வைத்து அவர் விரல்களை மூடினாள்.

"கேளுங்க," என்றாள். "பாட்டு கேக்கிற காது தானே? கேட்டுப் பாருங்க."

வெள்ளத்துரை மாஸ்டர் முதலில் எரிச்சலோடு பார்த்தார். பிறகு அவர் முகம் மாறியது. கைக்குள் ஏதோ தட்டிற்று. முட்டையைக் காதருகே கொண்டுபோனார். மேலே ஆலாக்கள் அத்தனை கூச்சல் போட்டன, ஆனால் அவர் காது பிழைப்புக்குப் பழகின காது. எந்தச் சத்தத்திலும் சின்னக் குரலைப் பிரித்துக் கேட்கும். ஓட்டுக்குள்ளிருந்து ஒரு குஞ்சு மெல்ல மெல்லக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

அவர் முட்டையை அவளிடம் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார். உதட்டைத் துடைத்துக்கொண்டார். "டேய், கடைசிப் பாட்டு," என்றார் தன் ஆட்களிடம்.

"மாஸ்டரே, இன்னும் சொல்லலியே?"

"எடுடா!"

ராவ்பகதூர் முதல் கூடையைத் தலைக்கு மேல் தூக்கி, "ஆகவே, இப்போதே நடுத்திட்டுக்கு..." என்று வலதுகாலைக் கம்பளத்துக்கு வெளியே எடுத்து வைத்த அந்தக் கணத்தில் ராஜ வாழ்த்து எழுந்தது.

அத்தனை பேரும் அப்படி அப்படியே விறைத்து நின்றார்கள். ராவ்பகதூர் தூக்கின கூடையை இறக்கவில்லை. உபதலைவர் கைத்தடியை விட்டுவிட்டு ஒற்றைக்காலில் நேராக நின்றார். போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள்ளேயே விறைத்து நின்றார். காரியதரிசி மட்டும் கண்ணை உருட்டி மாஸ்டரைப் பார்த்தார். கண்ணைத் தவிர வேறு எதையும் அசைக்க அவருக்குத் தைரியம் இல்லை. கன்னியம்மா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பாட்டு முடியும்வரை அவர்களும் போக மாட்டார்கள், பறவையும் இறங்காது. இவ்வளவு நீளமான பாட்டை அவள் ஜென்மத்தில் கேட்டதில்லை.

பாட்டு முடிந்தது.

யாரும் பேசவில்லை. ராவ்பகதூர் கூடையை இறக்கி, வாயைத் திறந்தார். பக்கத்தில் நின்ற அங்கத்தினர் அவர் வாயையே உற்றுப் பார்ப்பது தெரிந்தது. ராவ்பகதூர் வாயை மூடிக்கொண்டார். உபதலைவர் நாற்காலியைத் தேடிப் பாதி குனிந்தார். எதிரே நின்றவர் தம் குனிவைப் பார்ப்பதைப் பார்த்து மறுபடி நிமிர்ந்தார். பார்த்தவரும், தாம் பார்ப்பதை இன்னொருவர் பார்க்கிறாரோ என்று திரும்பிக்கொண்டார். காரியதரிசி கையால் ஏதோ ஜாடை செய்தார். கூடைகளைக் காட்டினாரோ, மாஸ்டரைக் காட்டினாரோ தெரியவில்லை. எல்லோரும் அதைப் படகுக்குப் போகும் உத்தரவாக எடுத்துக்கொண்டார்கள். மூச்சுவிடாமல், ஒருவர் பின் ஒருவராக, கம்பளத்தின் மேலேயே நடந்து படகேறினார்கள். கூடைகள் கரையோரமே குவிந்து கிடந்தன. மாஸ்டர் கடைசியாக ஏறினார். கன்னியம்மா அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் பயத்தில் அதைக் கவனிக்கவில்லை.

படகுகள் விலகியதும் அவள் கழியில் இறங்கி, கழுத்தளவுத் தண்ணீரில் அசையாமல் நின்றாள். ஆலாக்கள் இன்னும் மேலேயே சுற்றின. இறங்குங்கள், இறங்குங்கள் என்று அவள் மனசுக்குள் கதறிக்கொண்டிருந்தாள். ஒன்று தாழ்ந்து வந்தது. தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு, திட்டின் மேல் நடந்துபோய், சிறகை லேசாக விரித்து ஒரு முட்டைக்கு மேல் நின்றது. பிறகு இன்னொன்று. பிறகு திட்டே வெள்ளையானது. காக்காய்கள் எழுந்து ஓடின. கன்னியம்மா தண்ணீரில் நின்றபடியே விம்மி விம்மி அழுதாள்.

எல்லா முட்டையும் பிழைத்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். பந்தல் கால் நட்ட இடத்திலும், காக்காய் இறங்கின கோடியிலும், அவள் கைக்கு எட்டாத சில இடங்களிலும் ஒன்றும் மிஞ்சவில்லை. மற்றவை பொரித்தன. ஆனியில் குஞ்சுகள் கடலோரம் தத்தித் தத்திப் பறந்து பழகியதைக் குப்பமே நின்று பார்த்தது. பெரியதனக்காரர் அம்மன் கோயில் வாசலில் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்: "ஐப்பசியில மொதப் பாடு கன்னியம்மா வூட்டுக்கு." முணுமுணுத்தவர்கள் வலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆடியில் ஒருநாள் சேவகன் லட்சுமணன் மட்டும் வந்தான். குப்பத்துப் பெண்கள் சபையின் கூடைகளில் மீனை நிரப்பிக் காசிமேட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஆலாக்களுக்காக முடைந்த கூடைகள் மீனுக்கு வாகாகத்தான் இருந்தன. லட்சுமணன் அதைப் பார்த்தும் பார்க்காதவன்போல வந்து கன்னியம்மா குடிசை வாசலில் குந்தினான்.

"மாஸ்டரு இன்னா ஆனாரு?" என்று அவள் முதலில் அதைத்தான் கேட்டாள்.

"விசாரணை வெச்சாங்க. ராஜ வாழ்த்து வாசிச்சதுக்கு எவன் தண்டனை குடுப்பான்? குடுத்தா அதுவே ராஜ துரோகம். அதனால அவரோட ராஜ பக்தியை மெச்சி ஒரு மெடல் குடுத்துட்டாங்க. மனுசன் அத்த வாங்கச்சொல்ல அழுதுட்டாரு. சந்தோசம்னு நெனச்சுகினாங்க."

"பட்சிங்க?"

லட்சுமணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஒப்பித்தான். சபை அரும்பாடுபட்டுக் கொண்டுவந்து வைத்த வீடுகளை எடுத்துக்கொள்ள ஒரு பட்சிகூட முன்வராத காரணத்தால், ஆலா நன்றியறியாத பிராணி என்று சபை ஏகமனதாகத் தீர்மானித்து, இன்றுமுதல் அதைக் கைவிடுகிறது.

"மெய்யாலுமா?" கன்னியம்மாவுக்கு நம்ப முடியவில்லை. "இனிமே திட்டுக்கு ஒருத்தரும் வரமாட்டாங்களா?"

"பட்சிக்காவ ஒருத்தரும் வரமாட்டாங்க."

அவள் கடல் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டாள். ஆலாவைக் கைவிட்டார்கள், ஆலா பிழைத்தது. உள்ளே போய் நல்ல மடவை மீனாக நாலு எடுத்து ஓலையில் சுற்றி லட்சுமணனிடம் கொடுத்தாள். அவன் வாங்கிக்கொண்டான். வாங்கிக்கொண்டும் எழுந்திருக்கவில்லை. வில்லையைத் துடைத்தான்.

"இன்னொரு தீர்மானம் கீதும்மா," என்றான்.

"இன்னா?"

"அன்னிக்குப் படவுல திரும்பிப் போவச்சொல்ல ராவ்பகதூரு தூரக்கண்ணாடி வெச்சு உங்க குப்பத்தைப் பாத்தாரு. ஒருத்தரும் பேசக்கூடாதா, வேற வேலை இல்ல. அல்லாரும் தரையிலயே படுத்துகினு கீறீங்க, நல்ல சுவரு இல்ல, கூரை இல்லன்னு..." அவன் குரலைத் தாழ்த்தினான். "அவரு கண்ணு கலங்கிட்சும்மா."

கன்னியம்மா குப்பத்துக் குடிசைகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"வர்ற தை மாசத்துலேர்ந்து சபை உங்களைத்தான் காப்பாத்தப் போவுது. குப்பத்தை அப்டியே தூக்கிகினு போயி மணலிப் பக்கம் சடையங்குப்பத்துப் பள்ளத்துல வெச்சு, ஆளுக்கு ஒரு வூடு. ராவ்பகதூரே வந்து குடுக்கிறாரு. மகாசபை இங்கேயேதான்."

சடையங்குப்பத்துப் பள்ளத்தில் மழைக்காலத்தில் இடுப்பளவு தண்ணீர் நிற்பது அவளுக்குத் தெரியும். கழிமுகத்துக்கும் அதற்கும் உள்ள தூரமும் தெரியும். உள்ளே இரண்டு பெண் பிள்ளைகளும் தரையில் பாய் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். வாசலில், முதல் பாடு நாளுக்காக அவள் பின்னி முடிக்காத வலை தொங்கியது.

லட்சுமணன் மீனை எடுத்துக்கொண்டு எழுந்தபோது கன்னியம்மா கேட்டாள்.

"நைனா, அந்த பேண்டு மாஸ்டரு வூடு ராயபுரத்துல எந்தத் தெரு?"